எட்டாம் வேற்றுமை

எங்கள் ஊர்க் கோயிலில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் ஒரு தாம்பாளத்தில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். வருகிற வருடம் முழுக்க அந்த வசனம்தான் உங்களுக்கு. (திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. ஆட்களுக்கு சர்ச் என்றால் கோயில், போதகர் என்றால் ஐயர். வெளியூர் நண்பர்கள் ஒவ்வொரு முறையும் குழம்புகிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.) அந்த வருடம் அப்பா எடுத்த அட்டை நீண்ட ஆயுசைப் பற்றியது. ஓரத்தில் ஒரு சூரிய உதயம், இரண்டு புறா. அம்மா அதைப் பீரோக் கண்ணாடியின் சட்டத்தில் செருகி வைத்தாள். பிப்ரவரி இரண்டாவது வாரம் அப்பாவுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கிரியேட்டினின் 9.4. இருபது வருட சர்க்கரை சத்தம் போடாமல் செய்து முடித்த வேலை.

அந்த அட்டையை யாரும் எடுக்கவில்லை. தலை சீவும்போதெல்லாம் அது கண்ணில் படும். எடுத்தால் நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தமாகிவிடும், விட்டு வைத்தால் கேலி செய்வது மாதிரி இருக்கும். அதனால் நாங்கள் மூன்று பேரும் கண்ணாடியைப் பார்க்காமல் தலை சீவப் பழகினோம்.

வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், நாலு மணி நேரம் டயாலிசிஸ். போகும்போது எடை, வரும்போது எடை. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு லிட்டருக்குள்தான் தண்ணீர். டீ, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாமே அந்தக் கணக்கில் அடக்கம். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும். வாழைத்தோப்புக்கு நடுவில் பிறந்து வளர்ந்த மனுஷனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நான் சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையைக் கொஞ்ச நாள் வீட்டிலிருந்து பார்த்தேன், பிறகு அதுவும் இல்லாமல் போனது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் 31 வருடம் தமிழாசிரியர். கோயிலில் பாடகர் குழு. வீட்டில் தினமும் ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம். கரண்ட் போனாலும், காய்ச்சல் வந்தாலும், இந்தியா பாகிஸ்தான் மேட்ச் கடைசி ஓவரில் நின்றாலும் எட்டரை என்றால் எட்டரை. ஏப்ரலில் ஒரு நாள் எட்டரைக்கு அம்மா பைபிளைக் கொண்டுவந்து அப்பா மடியில் வைத்தாள். அவர் அதை எடுத்துப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வரல" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே.

கடவுள் இல்லை என்று அவர் சொல்லவில்லை. சண்டை போடவும் இல்லை. ஒன்றும் வரவில்லை என்றார். விசுவாசம் போவதைப் பற்றி நான் படித்த நாவல்களில் எல்லாம் அது ஒரு பெரிய சம்பவம். யாராவது சிலுவையைத் தூக்கி எறிவார்கள், மழை பெய்யும். எங்கள் வீட்டில் அது பைப்பில் தண்ணீர் நின்றுபோன மாதிரி நடந்தது.

*

அந்த மாதம்தான் ஒரு ஜெபக்குழு வீட்டுக்கு வர ஆரம்பித்தது. எங்கள் சபை இல்லை, தெரிந்தவர்கள் மூலமாக வந்தவர்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்தார்கள், காசு கேட்கவில்லை. அப்பாவைச் சுற்றி உட்கார்ந்து, தலையில் கைவைத்து, அவரைப் பற்றியும் ஆண்டவரைப் பற்றியும் பேசினார்கள். மூன்றாவது வாரம் அவர்களில் மூத்தவர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏதோ ஒரு தடை இருக்குங்கம்மா. அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது இருக்கும். ஐயா மனசுல விசுவாசம் இறங்கல" என்றார்.

அம்மா இதை அப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் வீடு சின்னது.

அன்றிலிருந்து அப்பா தன் வாழ்க்கையைத் தோண்ட ஆரம்பித்தார். ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, 1989ல் ஒரு பையனைத் தப்பாக ஃபெயில் போட்டது சரியா என்று கேட்டார். தாத்தாவின் கடைசிக் காலத்தில் ஒரு வாரம் ஊருக்குப் போகாமல் இருந்ததைச் சொன்னார். உடம்பில் இருந்த நோய் போதாதென்று நோய்க்கு ஒரு குற்றவாளியும் தேவைப்பட்டது, அந்த வேலைக்கு அவரே விண்ணப்பித்தார். சாப்பாடு குறைந்தது. பேச்சு நின்றது. டயாலிசிஸ் டாக்டர் கவனித்துவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். மாத்திரை கொடுத்தார்கள். ஜெபக்குழுவுக்கு அது தெரிந்ததும் முகம் சுருங்கியது.

எங்கள் ஐயர் ஒரு சாயங்காலம் வந்தபோது அப்பா அவரிடம் நேராகவே கேட்டார்: "மனசுக்கு மாத்திரை சாப்பிட்டா விசுவாசம் இல்லன்னு அர்த்தமாய்யா?" ஐயர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சார், நான் சுகர் மாத்திரையப் போட்டுட்டுத்தான் பிரசங்க பீடத்துல ஏறுறேன். ரெண்டும் மாத்திரதான்" என்றார். பிறகு ஜெபம் பண்ணட்டுமா என்றுகூடக் கேட்காமல் டீ குடித்துவிட்டுப் போனார். அவருடைய பிரசங்கங்கள் எனக்கு எப்போதும் சலிப்பாகத்தான் இருந்திருக்கின்றன. அந்த ஒரு வாக்கியத்துக்காக அத்தனையையும் மன்னித்துவிட்டேன்.

*

குடும்ப ஜெபத்தை அம்மா விடவில்லை. அவளுக்குக் கண்ணில் புரை, பொடி எழுத்து தெரியாது. பைபிள் என் மடிக்கு வந்தது.

என் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரி இரண்டாம் வருடத்திலிருந்தே நான் கோயிலுக்குப் போவது கிறிஸ்மஸுக்கும் அசனத்துக்கும்தான். அசனத்துக்குப் போவது சாப்பாட்டுக்கு. நம்புகிறாயா என்று யாராவது கேட்டால், "அப்படியெல்லாம் நேராகக் கேட்கக் கூடாது" என்று சிரித்துத் தப்பிக்கிற ரகம். இப்போது தினமும் எட்டரைக்கு, நம்பிக்கை வற்றிப்போன அப்பாவுக்கும் நம்பிக்கை மட்டுமே மிச்சமிருந்த அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, நானே உறுதியாக நம்பாத ஒன்றைச் சத்தமாக வாசிக்க வேண்டும். இது பொய்யா? மருந்து என்று சொல்லி வெறும் சர்க்கரை உருண்டை கொடுக்கிற டாக்டருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பல ராத்திரி இதை யோசித்திருக்கிறேன்.

எதை வாசிப்பது என்று தேர்ந்தெடுக்கப் பயமாக இருந்தது. ஆறுதலான பகுதியாகத் தேடி எடுத்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவார். எனவே சங்கீதம் ஒன்றிலிருந்து வரிசையாக, நாளைக்கு ஒன்று. டயாலிசிஸ் நாட்களில் விடுமுறை. புத்தகத்தில் அடையாளத்துக்கு டயாலிசிஸ் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டேன்.

42 வந்தபோது அப்பா முதன்முறையாக வாய் திறந்தார். மான் நீரோடைக்கு ஏங்குவதைச் சொல்லித் தொடங்குகிற சங்கீதம் அது. ஆத்துமாவின் தாகத்தைப் பற்றி வாசிக்கும்போது கட்டிலிலிருந்து, "எனக்கும்தான். ஒரு லிட்டர்தான்னு சொல்லிட்டானுவ" என்று குரல் வந்தது. அம்மாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

88 ஆகஸ்டில் வந்தது. அதற்கு முன்னால் நான் அதைப் படித்ததே இல்லை. ஞாயிறு வகுப்பில் மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை, எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை, வாக்குத்தத்த அட்டையில் சத்தியமாகப் பார்த்ததில்லை. எஸ்ராகியனாகிய ஏமான் என்பவரின் பெயரில் இருக்கிறது. (பெயரைப் பார்த்ததும் ஏமாந்தவன் என்றே எனக்கு வாசிக்க வந்தது.) 18 வசனம். சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்கள் நிறைய உண்டு, ஆனால் மற்றவற்றில் பெரும்பாலும் கடைசி இரண்டு வசனத்திலாவது ஒரு திருப்பம் இருக்கும். ஆனாலும் நம்புவேன், ஆனாலும் துதிப்பேன் என்று முடியும். இதில் இல்லை. பாடுகிறவர் பகலும் ராத்திரியும் கூப்பிடுகிறார், பதில் வரவில்லை. குழியில் இறங்குகிறவனோடு எண்ணப்பட்டேன் என்கிறார். இதையெல்லாம் செய்தது நீர்தான் என்கிறார். செத்தவர்களுக்கா அதிசயம் செய்யப்போகிறீர் என்று கேட்கிறார், ஏறக்குறைய நக்கலாக. கடைசியில் தெரிந்தவர்களும் சிநேகிதர்களும் இல்லாமல் போனதோடு பாட்டு அப்படியே நின்றுவிடுகிறது. எபிரேய மூலத்தில் கடைசிச் சொல் 'இருள்' என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

நடுவிலேயே நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். நிறுத்தினால் இன்னும் மோசம். முடித்துவிட்டுத் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா அடுத்து ஜெபம் பண்ணக் கண்ணை மூடிவிட்டாள்.

"இன்னொரு தடவ வாசி" என்றார் அப்பா.

வாசித்தேன். இந்தத் தடவை அவர் எழுந்து உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, ஃபிஸ்டுலா இருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற முகத்தோடு கேட்டார். முடித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஏல, இது என்ன வேற்றுமை?" என்றார்.

ஒன்பதாம் வகுப்பில் அவரிடமே படித்தவன் நான். புரிந்தது. "விளி" என்றேன்.

"அதான். முழுக்க விளி. திட்டுறான், பழி போடுறான், எல்லாம் சரி. ஆனா ஒரு வசனம்கூட அவரப் பத்திப் பேசல. எல்லாம் அவர்ட்டயே பேசுறான்."

பிறகு வாத்தியார் விழித்துக்கொண்டார். தொல்காப்பியத்தில் விளிக்கென்று தனியாக ஓர் இயல் இருக்கிறது, விளிமரபு. எட்டாம் வேற்றுமைக்கு ஐ, கு மாதிரி சொந்தமாக உருபு கிடையாது. பெயரே கொஞ்சம் நீண்டோ, திரிந்தோ, அல்லது ஒன்றும் ஆகாமல் அப்படியேவோ நின்று கூப்பிடுதல் ஆகிவிடும். சில சொற்கள் விளி கொள்ளவே கொள்ளாது. அவன், இவன், அவர் என்கிற சுட்டுப் பெயர்களெல்லாம் அப்படித்தான். "அவரே வாரும்னு கூப்பிட முடியுமால? முடியாது. ஒருத்தர அவர்னு ஆக்கிட்டா அப்புறம் அவரக் கூப்பிட இலக்கணத்துல வழி இல்ல." ஜெபக்குழுவைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. மூன்று வாரம் அவர் தலைக்கு மேலே கடவுளும் 'அவர்', அப்பாவும் 'அவர்'.

அன்றைக்கு அம்மா ஜெபம் பண்ணவில்லை. யாரும் பண்ணவில்லை. மூன்று பேரும் அப்படியே படுத்துவிட்டோம். அப்பா தூங்கினார்.

*

இதைச் சென்னையில் இருக்கும் நண்பனிடம் போனில் சொன்னேன். தத்துவம் படித்தவன், என்னைவிடத் தெளிவாக நாத்திகன், அந்த வருடம் எனக்குப் பண உதவி செய்தவர்களில் முதல் ஆள். கேட்டுவிட்டு, "நல்லா இருக்குடா. ஆனா ஒண்ணு சொல்லு. சுகமானா கடவுள் செயல், சுகமாகலைன்னா கடவுளோட மௌனம், திட்டினாலும் அது ஜெபம். அப்ப எது நடந்தா நீங்க விடுவீங்க?" என்றான்.

பழைய கேள்வி. ஆங்கிலத் தத்துவவாதி ஆண்டனி ஃப்ளூ 1950ல் கேட்டது. காட்டுக்குள் ஒரு பூந்தோட்டம். கண்ணுக்குத் தெரியாத தோட்டக்காரன் ஒருவன் வருகிறான் என்று ஒருவர் சொல்கிறார். காவல் இருந்தும், மின்வேலி போட்டும் அவன் அகப்படவில்லை. ஆனாலும் அவர் தன் கூற்றைத் திருத்தித் திருத்தி வைத்துக்கொள்கிறார். அப்படிப்பட்ட தோட்டக்காரனுக்கும் இல்லாத தோட்டக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? எதுவுமே மறுக்க முடியாத ஒரு கூற்று எதையாவது சொல்கிறதா? எனக்கு இந்த வாதத்தின் மேல் மரியாதை உண்டு. ஜெபக்குழுக்காரர் செய்தது சரியாக இதைத்தான். குணமானால் வாக்குத்தத்தம் நிறைவேறியது, ஆகாவிட்டால் அப்பாவின் விசுவாசக் குறைவு. எந்தப் பக்கம் விழுந்தாலும் கூற்றுக்குச் சேதாரமில்லை, சேதாரமெல்லாம் அப்பாவுக்கு.

ஃப்ளூவுக்குப் பதில் சொன்னவர்களில் பேசில் மிட்செல் என்று ஒருவர். 1955ல் வந்த ஒரு தொகுப்பில் இரண்டு பேரின் கட்டுரையும் சேர்ந்தே இருக்கிறது. மிட்செல் ஒரு கதை சொல்கிறார். எதிரி பிடித்துவைத்திருக்கும் நாடு. எதிர்ப்பு இயக்கத்துக்காரன் ஒருவன் ஓர் இரவு ஓர் அந்நியனைச் சந்திக்கிறான். விடிய விடியப் பேசுகிறார்கள். தானும் இயக்கத்தின் பக்கம்தான், சொல்லப்போனால் தலைமையே தான்தான், என்ன நடந்தாலும் என்னை நம்பு என்கிறான் அந்நியன். அதற்குப் பிறகு அப்படி ஒரு சந்திப்பு நடக்கவே இல்லை. சில சமயம் அந்நியன் இயக்கத்துக்காரர்களைக் காப்பாற்றுகிறான். சில சமயம் போலீஸ் சீருடையில் நின்று அவர்களைப் பிடித்துக் கொடுக்கிறான். நம் ஆள் மட்டும் அவர் நம் பக்கம்தான் என்கிறான். கூட்டாளிகள் கேட்கிறார்கள்: அவன் என்ன செய்தால் நீ தப்பென்று ஒத்துக்கொள்வாய்?

மிட்செல் இதற்கு ஒரு தேதியோ அளவோ தருவதில்லை, அப்படி முன்கூட்டியே சொல்ல முடியாது என்கிறார். ஆனால் சீருடையில் பார்த்தது உண்மைதான், அது அந்நியனுக்கு எதிரான சாட்சிதான் என்று நம் ஆள் ஒத்துக்கொள்கிறான். அந்த முரண்பாடு அவனுக்கு வலிக்கிறது. வலிக்காவிட்டால், எல்லாம் அவன் சித்தம் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுத் தூங்கப் போனால், அவன் சொல்வதற்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

இதை நண்பனிடம் சொன்னேன். "அந்த ராத்திரிப் பேச்சு உனக்கு நடந்திருக்கா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. எனக்கு நடக்கவில்லை. அப்பாவுக்கு நடந்திருக்கிறது, பதினேழு வயதில், ஒரு பனங்காட்டுப் பாதையில், அவர் அதை எங்களிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார், அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. எனக்கு இருப்பது அப்பாவுக்கு அது நடந்தது என்பதுதான்.

தமிழில் விசுவாசம் என்ற சொல்லை நாய்க்கும் சொல்கிறோம். விசுவாசமான நாய், விசுவாசமான வேலைக்காரர். கடவுள் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்வதும், ஒருவரை விட்டுப் போகாமல் இருப்பதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. கிரேக்க 'பிஸ்திஸ்' என்ற சொல்லிலும் இந்த இரண்டும் உண்டு. எபிரேயத்தில் 'ஆமென்' வருகிற வேருக்கு உறுதியாக நிற்பது என்று பொருள். முதல் அர்த்தம் அப்பாவை விட்டுப் போனபோது இரண்டாவது அர்த்தம் போய்விட்டதா? ஏப்ரலில் நான் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் பைபிளை ஸ்டூலில் வைத்தார், ஆனால் எட்டரைக்கு அறையை விட்டு வெளியே போனதில்லை. படுத்துக்கொண்டார், காதை மூடிக்கொள்ளவில்லை. எண்பத்தெட்டு சங்கீதமும் கேட்டிருக்கிறார்.

அன்னை தெரசாவின் கடிதங்கள் அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 2007ல் புத்தகமாக வந்தன. அவற்றை அழித்துவிட வேண்டும் என்று அவரே கேட்டிருந்தார். கல்கத்தாத் தெருக்களில் வேலையைத் தொடங்கிய காலத்திலிருந்து ஏறக்குறைய கடைசி வரைக்கும், நடுவில் ஒரு சின்ன இடைவெளி தவிர, கடவுளின் சந்நிதியை அவர் உணரவே இல்லை என்று அவற்றிலிருந்து தெரிகிறது. ஐம்பது வருடம்! நாத்திகர்கள், பார்த்தீர்களா, அவருக்கே நம்பிக்கையில்லை என்றார்கள். பக்தர்கள், புனிதர்களுக்கு வருகிற இருண்ட இரவு என்று அழகான பெயர் கொடுத்து அலமாரியில் வைத்தார்கள். இரண்டு பேருக்கும் அவசரம். அந்தக் கடிதங்களில் ஒன்று இயேசுவுக்கே எழுதப்பட்டது. இல்லை என்று உணர்கிறவரிடமே போய், நீர் இல்லை என்று சொல்வது. இதை வெளிவேஷம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்றால்தானே வேஷம்? எட்டரை மணிக்கு நான் வாசித்ததும் அந்த வகையில்தான் எனக்குப் பொய்யாகப் படாமல் போனது. எனக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. வாசிப்பேன் என்று சொன்னேன், வாசித்தேன்.

இந்த வாதத்தில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும். விட்டுப் போகாமல் இருப்பதே புண்ணியம் என்றால், அடிக்கிற புருஷனை விட்டுப் போகாதே என்று பெண்களிடம் சொல்லி அனுப்புகிற சபைப் பெரியவர்களும் இதே சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த அம்மாவிடம் போய் 88ஆம் சங்கீதத்தைக் கொடுத்து இருந்து படி என்று நான் சொல்ல மாட்டேன். பையைக் கட்டு, ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றுதான் சொல்வேன். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று கேட்டால், பாடுகிறவனுக்குத் திட்டுவதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். ஏமான் கடவுளைத் திட்டியதை யாரோ எடுத்து வைத்து, பிரதி எடுத்து, வேதமாகவே சேர்த்திருக்கிறார்கள். புகார் சொன்னால் வாயை மூடு என்று சொல்கிற இடத்துக்கு யாரும் விசுவாசமாக இருக்க வேண்டியதில்லை, அது கோயிலாகவே இருந்தாலும். இதற்கு மேல் என்னிடம் கோட்பாடு கிடையாது.

*

எதிர் வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை தப்பாகிவிடும். செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் திரும்பி வருகிற நேரத்துக்குத் திண்ணையில் ஒரு தூக்குவாளி இருக்கும். உப்புக் கம்மியாக, அப்பா சாப்பிடக்கூடிய மாதிரி இட்லியோ இடியாப்பமோ. கூடாததையெல்லாம் அம்மாவிடம் ஒருமுறைதான் கேட்டு வைத்துக்கொண்டார். எட்டு மாதத்தில் அவர் அப்பாவுக்கு ஒரு வசனம்கூடச் சொன்னதில்லை. வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "அங்ஙன வச்சிட்டுப் போய்யா" என்பார்.

இராஜாக்களின் முதல் புத்தகம், 19ஆம் அதிகாரம். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிக் காட்டிய எலியா, அடுத்த அதிகாரத்திலேயே யேசபேலுக்குப் பயந்து ஓடுகிறார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அப்படியே தூங்கிவிடுகிறார். தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். நேற்று அவ்வளவு பெரிய அற்புதம் பார்த்தாயே, உன் விசுவாசம் எங்கே போனது என்று தூதன் கேட்டிருக்கலாம். எங்கள் ஜெபக்குழு கேட்டிருக்கும். தூதன் சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். தமிழ் பைபிளில் அடை என்றே போட்டிருக்கிறார்கள், மொழிபெயர்த்தவர் வாழ்க. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். யாரும் திட்டவில்லை. தூதன் இரண்டாவது தடவையும் வந்து சாப்பிடு என்கிறான், போக வேண்டிய தூரம் ரொம்ப இருக்கிறது என்று காரணமும் சொல்கிறான். கடவுளின் மெல்லிய சத்தம் கேட்பதெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்து, ஓரேபில். அந்த நாற்பது நாளும் அவரை நடக்க வைத்தது அந்தச் சாப்பாடு.

மனசு உடைந்தவனிடம் விசுவாசத்தைப் பற்றிக்கொள் என்று சொல்வதில் உள்ள சிக்கல், பற்றிக்கொள்ளக் கையில் வலு வேண்டும் என்பது. அப்பாவின் கையில் அப்போது ஊசி இருந்தது. அவருக்காக அம்மா பிடித்திருந்தாள், அம்மாவுக்கு எழுத்து தெரியாததால் நான், எங்கள் மூன்று பேரையும் சேர்த்து அந்தத் தூக்குவாளி.

*

88க்கு அடுத்த நாள் எட்டரைக்கு நான் புத்தகத்தைத் திறந்ததும் அப்பா, "எண்பத்தொம்பது நீளம். அம்பத்திரெண்டு வசனம். ரெண்டு நாளாப் பிரிச்சுக்க" என்றார். அவருக்கு நினைவிருந்தது. அதற்குப் பிறகும் அவர் ஜெபம் பண்ணவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. நடுநடுவே உச்சரிப்பைத் திருத்துவார். 'ழ' வந்தால் நாக்கை மடக்கு என்பார். ஒரு நாள், செப்டம்பரில் என்று நினைக்கிறேன், நான் வாசித்து முடித்ததும், "ஆண்டவரே" என்றார். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

119 வந்தது அக்டோபரில். 176 வசனம், எபிரேய எழுத்துக்கள் இருபத்திரண்டின் வரிசையில் எட்டெட்டாகப் பிரித்தது. தமிழ் பைபிளிலும் ஒவ்வொரு பகுதிக்கும் ஆலெப், பேத் என்று எழுத்தின் பெயரைத் தலைப்பாகப் போட்டிருக்கும். "இருபத்திரெண்டு நாள் ஆகும்" என்றேன். "ஆகட்டும்" என்றார். எட்டுப் பகுதி முடித்தோம். ஒன்பதாவது நாள் விடியற்காலையில் அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டைத் தொடும்போதே முடிந்துவிட்டது என்று கூட வந்த பையன் பிறகு சொன்னான்.

அடக்கம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போய், மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். எட்டரைக்கு அம்மா பைபிளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "விட்ட எடத்துல இருந்து வாசி" என்றாள்.

டயாலிசிஸ் சீட்டு இருந்த பக்கத்தைத் திறந்தேன். தேத், 65ஆம் வசனம். முதல் வசனமே, கர்த்தர் தன் அடியானை நன்றாக நடத்தினார் என்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன். கொஞ்சம் கீழே 71 கண்ணில் பட்டது. உபத்திரவப்பட்டது தனக்கு நல்லதாயிற்று என்று அவர் சொல்கிற இடம். சுவர்க் காலண்டர்களில் பிரபலமான வசனம். 70 வரைக்கும் வந்து நின்றுவிட்டேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கட்டில் காலியாக இருந்தது. அம்மாவுக்கு அந்தப் பகுதி முழுக்க மனப்பாடம், நான் எங்கே நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "அது வேண்டாம். அத விட்டுட்டு அடுத்தத வாசிய்யா."